லின்னேயஸ் டிரைப்பின் நிலக்காட்சிகள்: தியானமும் தூரிகையும்

லின்னேயஸ் டிரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அலுவலராக இருந்த ஒளிப்படக் கலைஞர். 1855-இல் பர்மாவின் பகான், அமரபுரா ஆகிய ஊர்களின் பௌத்தக் கோயில்களையும், 1858-இல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை ஆகிய இடங்களையும் படமெடுத்தார். ஆளற்ற வெளியும் அசையாத கல்லும் நிறைந்த இக்கருப்பு வெள்ளைப் படங்களைத் தியானத்தன்மை கொண்டவை என்று சொல்லத் தோன்றும். அது பாதிதான் சரி.

அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அதில் ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆகும், நடமாடுபவர்கள் பதிவதில்லை. அந்த அமைதியில் பெரும்பங்கு வேதியியலுடையது. அரசு அவரிடம் கேட்டதும் ஆவணத்தைத்தான்.

அமெரிக்க ஜென் ஆசிரியரும் ஒளிப்படக்காரருமான ஜான் டைடோ லூரி (1931–2009), காட்சியின் முன் பொறுமையாகக் காத்திருப்பதையே பயிற்சியாகக் கற்பித்தார். காத்திருப்பில் டிரைப் இதை நெருங்குகிறார், வானத்தில் விலகிவிடுகிறார். அக்காலக் காகிதம் நீல ஒளியை மிகையாக ஏற்றதால் வானம் வெறும் வெளுப்பாகப் பதிந்தது. (குன்னத்துக் கரிசல் காட்டை உச்சிவெயிலில் படமெடுப்பவர்களுக்கு இன்றும் நிலம் தெளிந்தால் வானம் வெளுக்கும்.) பர்மாப் படங்கள் பலவற்றில் அவர் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். மேகங்கள் அழகானவைதான், ஆனால் அங்கே பார்ப்பது நின்று அலங்கரிப்பது தொடங்குகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீள் சுருளாக இணைத்தபோது அவருக்கு அந்தத் தூரிகை தேவைப்படவில்லை. அதில் வானமே இல்லை. கல்லும் எழுத்தும் மட்டும்.