சாவி யாரிடம்?

சிறுகதை எழுதும் அண்ணன் ஒருவர் சென்ற மாதம் போன் செய்தார். தன் பழைய தொகுப்பை மின்னூலாக ஏற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, டிஆர்எம் வேணுமா வேண்டாமான்னு கேக்குது. திருட்டைத் தடுக்கிற பூட்டுதானே, போட்டுடவா?" என்றார். "ரெண்டு நாள் குடுங்கண்ணே, சொல்றேன்" என்றேன். சாஃப்ட்வேர்காரனுக்கு இதற்கு எதற்கு ரெண்டு நாள் என்று நினைத்திருப்பார். எனக்கோ ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய ஒரு கடிதத்தை மறுபடி படிக்கவேண்டியிருந்தது.

2007 பிப்ரவரி 6 அன்று ஆப்பிள் தளத்தில் வெளியான அந்தக் கடிதம் இசையைப் பற்றியது. ஆப்பிள் கடையில் வாங்கிய பாட்டு ஏன் ஐபாடில் மட்டும் பாடுகிறது என்று ஐரோப்பாவில் அப்போது கேள்வி எழுந்திருந்தது. அதற்கான பதில் இது. டிஆர்எம் பற்றி ஒரு பெருந்தொழிலதிபர் இவ்வளவு தெளிவாக எழுதியது அபூர்வம். அந்தத் தெளிவுக்குள்ளேயே ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது.

முதலில் அதன் பலம். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை ஜாப்ஸ் மறைக்கவில்லை. கோப்பு மறையாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி, பாட்டை வாங்கியவரின் கருவிக்குள்ளேயே எங்கோ ஒளித்து வைக்கப்படுகிறது. பூட்டிய பெட்டியையும் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, சாவி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல் இருப்பது போலத்தான். தேடத் தெரிந்த ஒருவர் கண்டுபிடித்தால் போதும், ஊருக்கே கிடைத்துவிடும். கூடவே இன்னொன்றையும் சொல்கிறார். 2006இல் இணையக் கடைகளில் பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் கீழே. அதே வருடம் இசை நிறுவனங்களே பூட்டில்லாத சிடிக்களில் விற்ற பாடல்கள் 2,000 கோடிக்கும் மேல். வாசல் கதவே இல்லாத வீட்டில் ஜன்னலுக்கு மட்டும் எதற்குத் தாழ்ப்பாள்? இந்த வாதத்துக்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொன்னதில்லை.

அடுத்து அவர் போடும் கணக்குதான் இடறுகிறது. விற்ற ஐபாடுகள் 9 கோடி, கடையில் விற்ற பாடல்கள் 200 கோடி. ஆக ஒரு ஐபாடுக்குச் சராசரி 22 பாட்டு. ஆயிரம் பாட்டு பிடிக்கும் கருவியில் இது 3 சதவீதம்கூட இல்லை, யாரும் எங்களிடம் மாட்டிக்கொள்ளவில்லை என்கிறார். சராசரியை வைத்து ஏமாற்றுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அந்த 9 கோடியில் உடைந்தவை, தொலைந்தவை, ஒரு பாட்டும் வாங்காதவர்கள் வைத்திருப்பவை எல்லாம் அடக்கம். ஐந்நூறு பாட்டு காசு கொடுத்து வாங்கியவர் இந்தக் கணக்கில் காணாமல் போகிறார். பூட்டு இறுக்குவது அவரைத்தான். ஒழுங்காக வாங்க வாங்க, அதிகம் மாட்டிக்கொள்கிறார்.

கடிதம் பழியை நான்கு பெரிய இசை நிறுவனங்கள் மேல் போடுகிறது. பூட்டைக் கேட்டது அவர்கள்தான், உண்மை. ஆனால் அந்தப் பூட்டால் லாபம் யாருக்கு என்பதை ஜாப்ஸ் தொடவே இல்லை. பாட்டு நிறுவனத்துடையது, சாவி ஆப்பிளுடையது. வாடிக்கையாளர் ஐபாடைவிட்டு நகர முடியாததால், பாட்டுக்கு 99 சென்ட் என்று கடைக்காரர் சொன்னதே விலை. உரிமையாளர்கள் இதை உணரக் கொஞ்ச காலம் பிடித்தது. ஆப்பிளுக்குப் போட்டியாக 2007இல் பாட்டுக்கடை திறந்த அமேசானுக்கு, ஒருவர்பின் ஒருவராகப் பூட்டில்லாமலே பாட்டைக் கொடுத்தார்கள். 2009 ஜனவரியில் ஆப்பிளும் பூட்டை முழுதாகக் கைவிட ஒப்புக்கொண்டபோது, நிறுவனங்கள் கேட்ட மூன்றடுக்கு விலையும் சேர்ந்தே வந்தது.

அதே வருடம் ஜூலையில் புத்தகத்தின் முறை. ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டும் வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து ஒரே நாளில் மறைந்தன. ஏற்றியவருக்கு அமெரிக்க உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது. பிறகு ஜெஃப் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். பள்ளிப் பாடத்துக்காகக் குறிப்பெடுத்து வைத்திருந்த மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார், அது சமரசத்தில் முடிந்தது. நுட்பமாகப் பார்த்தால் பூட்டும் அழிக்கும் வசதியும் வேறு வேறு. ஆனால் பூட்டு இல்லையென்றால் வாசகர் ஒரு நகலை வேறெங்காவது எடுத்து வைத்திருக்கலாம்.

இதில் எனக்கும் பங்குண்டு. என் முதல் வேலையில் ஒரு மென்பொருளுக்கு உரிமச் சோதனை எழுதினேன். உடைத்துப் பயன்படுத்தியவர்கள் ஒருவரும் போன் செய்யவில்லை. கம்ப்யூட்டரை மாத்தினேன், திறக்க மாட்டேங்குது என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் காசு கொடுத்தவர்கள்.

பூட்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். மாதச் சந்தாவுக்குப் படம் பார்க்கிறோம், அது வாடகை என்று இரு தரப்புக்கும் தெரியும். 'வாங்கு' என்று பொத்தானில் எழுதிவிட்டு வாடகைக்கு விடுவதுதான் பொய். 2025 முதல் கலிஃபோர்னியாவில் இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இந்தியாவில் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மீறும் நோக்கோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம்வரை சிறை. சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காகத் திறப்பது குற்றமில்லை. ஆனால் அனுமதி கிடைத்தால் சாவியும் கிடைத்துவிடுமா என்ன?

அண்ணனைக் கூப்பிட்டேன். டோர் என்ற அறிபுனைப் பதிப்பகம் 2012இல் பூட்டை எடுத்ததையும், ஒரு வருடம் கழித்துத் திருட்டு கூடினதாகத் தெரியவில்லை என்று அதன் பிரிட்டன் கிளை சொன்னதையும் சொன்னேன். "அண்ணே, பூட்டு போட்டா உங்க வாசகர் உங்க வாசகரா இருக்க மாட்டார், அந்தக் கடையோட வாடிக்கையாளர் ஆயிடுவார். நாளைக்கு நீங்க வேற கடைக்குப் போனா அவர் அலமாரி உங்ககூட வராது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்போ திருடுறவன்?"

"அவன் எப்படியும் படிச்சுடுவான்ண்ணே."

"படிச்சாச் சரி" என்று சிரித்தார். பூட்டு போடவில்லை.