பூதவாதியின் கள்ளும் மணிமேகலையின் சிரிப்பும்

பினாங்கில் தமிழ் இலக்கியக் கூட்டம் எதுவானாலும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வசனம் வந்துவிடும்: "டார்வின் சொன்னதெல்லாம் நம்மாளுங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க." சொல்பவர் பெரும்பாலும் தொல்காப்பியத்தின் மரபியலைக் காட்டுவார். கொஞ்சம் பக்தி உள்ளவர் சிவபுராணத்தில் வரும் பிறவிப் பட்டியலைக் காட்டுவார். கைதட்டல் கிடைக்கும். பிறகு தேநீர், வடை. வீட்டுக்குப் போய் மரபியலைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் வராது. என் புகார் அதுதான். புகழ்ந்த கையோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

உயிர் என்றால் என்ன, உயிர் எப்படித் தொடங்கியது என்பவை இரண்டு வேறு கேள்விகள். மேடையில் இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறார்கள். பிரித்து வைத்துப் பழைய நூல்களைப் படித்தால், நாம் கொண்டாடும் இடத்தில் ஒன்று இருக்கிறது, கொண்டாட மறந்த இடத்தில் இன்னொன்று இருக்கிறது.

இது எனக்கு வெறும் இலக்கிய விவகாரம் இல்லை. நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தது 2003இல். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறிய வருஷம் அது. மூச்சு விடும், உணவு வேண்டும், வளரும், இனம் பெருக்கும் என்ற பட்டியலை 'லிவிங் திங்ஸ்' என்ற பெயரில்தான் மனப்பாடம் செய்தேன். 'உயிர்' என்ற சொல் அடுத்த பாடவேளையில், இலக்கண வகுப்பில் வந்தது. அங்கே அது அ, ஆ, இ, ஈ. மெய்யோடு சேர்ந்தால் உயிர்மெய். ஒரே கட்டடத்தில் இரண்டு உயிர்கள், ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அதனால்தான் "அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்று யாராவது சொல்லும்போது எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சந்தோஷம் அறிவியலைத் தமிழுக்குள் கொண்டுவருவதில்லை. "இனி யோசிக்க ஒன்னும் இல்லப்பா" என்று கதவைச் சாத்திவிடுகிறது.

முதலில் மரபியல். புல்லும் மரமும் தொடுஉணர்வு மட்டும் உள்ள ஓரறிவுயிர்கள். கரையானுக்கும் எறும்புக்கும் மூன்று அறிவு. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. விலங்குக்கு ஐந்து, மனிதருக்கு ஆறு. அருமையான வகைப்பாடு, சந்தேகமில்லை. ஆனால் இதில் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று எங்கேயும் இல்லை. டார்வின் 1859இல் சொன்னது படிக்கட்டு அல்ல, உறவுமுறை. எல்லா உயிர்களும் ஒரு வம்சம், கிளை பிரிந்து பிரிந்து வந்தவை என்றார். மரபியலின் படிகள் நகர்வதே இல்லை. சிவபுராணத்தின் பட்டியலிலோ பாம்புக்கும் மனிதருக்கும் நடுவில் கல் வருகிறது, மனிதருக்குப் பிறகு பேயும் கணங்களும் வருகின்றன. அது பல பிறவி எடுத்து இளைத்துப்போன ஓர் ஆன்மாவின் களைப்பு. அதைப் பரிணாமம் என்று சொல்வது மாணிக்கவாசகருக்கும் நியாயமில்லை, டார்வினுக்கும் நியாயமில்லை.

மரபியல் என்னதான் செய்கிறது? அந்த இயல் தொடங்குவது இளமைப் பெயர்களில். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை என்று எந்த உயிரின் குஞ்சை எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. பிறகு, செடிகொடிகளுக்கும் பிள்ளை, கன்று என்று சொல்லலாம், ஆனால் நெல்லுக்கும் புல்லுக்கும் அது ஒத்துவராது என்கிறார் தொல்காப்பியர். தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்று இன்றும் நாம் சொல்வது அதுதான். இந்தப் பேச்சில் 'ஓரறிவுயிர்' என்ற சொல் வந்துவிட்டதால், அதை விளக்கத்தான் புகழ்பெற்ற அந்த அறிவு வரிசை வருகிறது. அதாவது நாம் மேடையில் முழங்குவது ஒரு விளக்கக் குறிப்பு. மையக் கேள்வி வேறு: எதற்கெல்லாம் இளமை உண்டு?

இந்தக் கேள்வி இன்றைக்கும் கூர்மையானது என்பது என் எண்ணம். கோவிட் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, வைரஸ் உயிரா இல்லையா என்று எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். வைரஸ் மூச்சு விடுவதில்லை, சாப்பிடுவதில்லை. ஆனால் பெருகுகிறது. பாடப்புத்தகப் பட்டியல் இங்கே தடுமாறும். மரபியலின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வைரஸுக்கு இளமை இல்லை. அது குட்டியாகப் பிறந்து வளர்வதில்லை. நம் செல்லுக்குள் பாகம் பாகமாகச் செய்யப்பட்டு, கோக்கப்பட்டு, முழு உருவத்தோடு வெளியே வருகிறது. 'வைரஸ் குட்டி' என்று எந்தத் தமிழனுக்கும் சொல்லத் தோன்றாது. இது தீர்ப்பு அல்ல, யோசிக்க ஒரு பிடி.

அறிவு வரிசையோடு சண்டை போடவும் இடமிருக்கிறது. பினாங்கு மலையில் ஒரு குடுவைச் செடி வளர்கிறது, குடுவையின் விளிம்புக்குக் கீழே வெள்ளைப் பட்டை உள்ள வகை. அந்தப் பட்டையில் இருக்கும் மெல்லிய தூவிகள் கரையானுக்குத் தீனி. தின்ன வந்த கூட்டம் சறுக்கி உள்ளே விழுகிறது, செடி அதைச் செரிக்கிறது. ஓரறிவு மூவறிவைத் தின்கிறது! தொல்காப்பியர் தோற்றுவிட்டார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய வரிசையை எடுத்துக்கொண்டு மலை ஏறினால்தான் இப்படி ஒரு கேள்வி நமக்குக் கிடைக்கும். கைதட்டிவிட்டு வடை தின்றால் கிடைக்காது.

இனி இரண்டாவது கேள்வி, உயிரின் தொடக்கம். இதற்குத் தமிழில் உண்மையான விவாதம் இருக்கும் இடம் மணிமேகலையின் 27ஆம் காதை. மேடையில் இதை யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் இதில் 'நம்மாளு' யார் என்று சட்டென்று சொல்ல முடியாது.

மாதவன் வேடத்தில் வஞ்சி மாநகரில் இருக்கும் மணிமேகலை, ஒவ்வொரு சமயவாதியாகப் பார்த்து "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். ஆசீவகன், நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களோடு உயிரையும் ஓர் அடிப்படைப் பொருளாக வைக்கிறான். அப்படி வைத்துவிட்டால் உயிர் எப்படித் தொடங்கியது என்று கேட்கவே வேண்டியதில்லை. கடைசியில் வரும் பூதவாதிதான் வம்பான ஆள். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றதையும் சேர்த்தால் அவற்றில் தனித்தனியாக இல்லாத போதை பிறக்கிறதே, அதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். பூதங்கள் பிரிந்தால் பறையோசை போல அது தேய்ந்துபோகும். மறுபிறவி கிடையாது.

உடனே "பாத்தீங்களா, ஓபாரினுக்கு முன்னாடியே!" என்று குதிக்க வேண்டாம். அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். உயிரோடு கூடிய பூதம் வேறு, உயிரில்லாத பூதம் வேறு, அந்தந்தப் பூதத்திலிருந்து அந்தந்தப் பொருள் பிறக்கும் என்று அவன் பின்வாங்குகிறான். உயிரற்றதிலிருந்து உயிர் எப்படி என்ற கஷ்டமான இடத்தை நெருங்கி வந்து நழுவிவிடுகிறான்.

அவன் சொன்ன கள் உவமையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தென்னங்கள் எதுவும் போடாமலே புளிப்பது தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தாக்களுக்குத் தெரியும். ஏன் புளிக்கிறது? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லூயி பாஸ்டர் விடை சொன்னார்: ஈஸ்ட் என்ற உயிர் அங்கே வேலை செய்கிறது. ஆயுர்வேத அரிஷ்டங்களைப் புளிக்க வைக்க இன்றும் தாதகிப் பூ சேர்க்கிறார்கள், பூவில் ஈஸ்ட் ஒட்டியிருக்கும். உயிரற்றவை கூடினால் உணர்வு வரும் என்பதற்குப் பூதவாதி காட்டிய உதாரணத்துக்குள்ளேயே ஒரு உயிர் ஒளிந்திருந்தது, பாவம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1897இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் இல்லாத சாறே சர்க்கரையைப் புளிக்க வைக்கும் என்று காட்டினார். பூதவாதிக்குப் பாதி வெற்றி! பாதிதான், ஏனென்றால் அந்தச் சாறும் உயிரிலிருந்து வந்ததுதான்.

அவன் நழுவிய இடத்தில் நின்று கேட்டவர்கள் 1924இல் ஓபாரின், 1929இல் ஹால்டேன். ஆதிபூமியின் காற்றும் நீரும் மின்னலும் சூரிய ஒளியும் சேர்ந்து உயிரின் மூலப்பொருள்களைச் சமைத்திருக்கலாம் என்றார்கள். மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி நிரப்பிய கண்ணாடிக் குடுவையில் ஸ்டான்லி மில்லர் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றதை 1953இல் வெளியிட்டார். செங்கல் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. ஆதிபூமியின் காற்று அப்படிப்பட்டதுதானா என்ற சந்தேகமும் பிறகு வந்தது. இந்த வரிசையில் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் உண்டு: இலங்கையின் காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் பட்டம் பெற்றது தத்துவத்தில். பிறகு வேதியியலுக்குப் போய், நாசாவில் வேலை பார்த்து, 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் பூமிக்கு வெளியே உருவான அமினோ அமிலங்கள் இருப்பதைத் தன் குழுவோடு 1970இல் அறிவித்தார். தத்துவம் படித்தவர் கல்லுக்குள் உயிரின் தடயம் தேடினார். 27ஆம் காதையைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பூதவாதியைக் கேட்டு மணிமேகலை சிரிக்கிறாள். முற்பிறவியை அறிந்தவள் அவள். அதெல்லாம் தெய்வ மயக்கம், கனவு என்று அவன் தள்ளுகிறான். கண்ணால் காண்பது மட்டும்தான் அவனுக்குப் பிரமாணம். அவள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

தன் பிறப்பைப் பார்த்த மனிதன் இல்லை. உயிரின் பிறப்பைப் பார்த்தவரும் இல்லை. ஏறக்குறைய எல்லா உயிர்களும் ஒரே மரபணுக் குறியீட்டைப் பயன்படுத்துவதைப் பார்த்து, ஒரு பொது மூதாதை இருந்திருக்க வேண்டும் என்று உயிரியலாளர்கள் முடிவு கட்டுவதும் அனுமானம்தான். ஆக, இன்றைய அறிவியல் பூதவாதியின் பொருளை எடுத்துக்கொண்டு மணிமேகலையின் வழியில் நடக்கிறது. காவியத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் அதற்கு வேண்டும்.

"மணிமேகலை அன்றே சொன்னாள்" என்று இதையும் ஆக்கிவிடாதீர்கள். அவளுடைய அனுமானம் பௌத்த அளவையியலைச் சேர்ந்தது, அவள் போக விரும்பிய இடம் வேறு. அவளிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முடிவை அல்ல, கேட்கும் முறையை. சாத்தனார் பூதவாதியைத் தோற்கடிக்கத்தான் கொண்டுவந்தார். ஆனாலும் அவன் வாதத்தை உவமையோடு எழுதிவைத்தார். உலோகாயதம் பேசியவர்களை இன்று நாம் அறிவது பெரும்பாலும் இப்படி எதிராளிகளின் நூல்கள் வழியாகத்தான். தன் எதிரிக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஒரு மொழிக்கு, "நாங்க அன்னைக்கே சொன்னோம்" என்பது ரொம்பச் சின்னப் பெருமை.

அடுத்த கூட்டத்தில் யாராவது டார்வினையும் தொல்காப்பியரையும் சேர்த்துப் பேசினால், சண்டைக்குப் போக வேண்டாம். "எந்த நூற்பா சார், அதுக்கு முந்தின நூற்பா என்ன சொல்லுது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.