உரிமை வாங்கி உள்ளே பூட்டுவது

2013-ல் ஜப்பானின் ட்ரிகர் ஸ்டூடியோ, ‘லிட்டில் விட்ச் அகாடெமியா’ அனிமேயின் இரண்டாம் பாகத்தை இன்னும் நீளமாக எடுக்க நினைத்து, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 1,50,000 டாலர் கேட்டது. சில மணி நேரத்திலேயே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. கடைசியில் 6,25,000 டாலருக்கு மேல் குவிந்தது. ஜப்பானுக்கு வெளியே இருந்த ரசிகர்களை நம்பி விடுத்த அழைப்பு அது. அவர்களும் கைவிடவில்லை.

2017 ஜனவரியில் அதே கதை ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாராந்தரத் தொடராக வந்தது. வெளிநாட்டு உரிமை நெட்ஃபிளிக்ஸிடம் இருந்தது. 25 அத்தியாயங்களும் ஜப்பானில் ஓடி முடிந்த பிறகு, ஜூன் 30 அன்றுதான் முதல் 13 அத்தியாயங்கள் வெளியுலகுக்குக் கிடைத்தன. காசு போட்டுக் கதையை வளர்த்தவர்களே அரை ஆண்டு வெளியே நின்றார்கள்.

ஓடிடி தளங்களின் பிரத்யேக ஒப்பந்தங்களைப் பற்றி எனக்குள்ள மனக்குறை இதுதான். ஒரு தளம் ஒரு தொடரைத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்வதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு வெளியிடாமல் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

அனிமேக்குப் பணம் போடுவது பெரும்பாலும் ஒரு தயாரிப்புக் குழு. தொலைக்காட்சி நிலையம், பதிப்பகம், இசைத்தட்டு நிறுவனம், பொம்மை நிறுவனம் என்று பலர் பங்கு போடுவார்கள். ஆளுக்கொரு கணக்கு இருப்பதால் துணிச்சலான கதைகள் அங்கே எளிதில் தேறுவதில்லை. ஒரு ஓடிடி நிறுவனம் பணத்தோடு வரும்போது அந்தத் தடை விலகுகிறது. 2018 ஜனவரியில் மசாகி யுவாசா இயக்கி நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டெவில்மேன் க்ரைபேபி’ அப்படிப் பிறந்தது. அதிலுள்ள வன்முறையும் காமமும் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வெட்டுப்படாமல் தப்பியிருக்காது. வெட்டியிருந்தால் கோ நாகாயின் மூலக்கதையில் உள்ள பயங்கரமும் துக்கமும் சேர்ந்தே போயிருக்கும். இதுவும் பிரத்யேக வெளியீடுதான். ஆனால் பத்து அத்தியாயங்களும் ஒரே நாளில், ஜப்பான் உட்பட எல்லா நாடுகளுக்கும் வந்தன. அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 2022-ல் வந்த ‘சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்’ தொடருக்கும் இது பொருந்தும்.

‘ஜோஜோ’ அனிமே தொடருக்கு நேர்ந்தது வேறு. 2012 முதல் அதன் பாகங்கள் வாரம் ஓர் அத்தியாயமாக வந்துகொண்டிருந்தன. வாரப் பத்திரிகையில் ‘தொடரும்’ என்று முடியும் தொடர்கதையை வாசித்தவர்களுக்கு அதன் ருசி புரியும். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு சிக்கலில் போய் நிற்கும். அடுத்த வாரம் வரை ரசிகர்கள் ஊகித்துக்கொண்டும் வரைந்துகொண்டும் சண்டையிட்டுக்கொண்டும் இருப்பார்கள். ஆறாம் பாகமான ‘ஸ்டோன் ஓஷன்’ உரிமையை நெட்ஃபிளிக்ஸ் எடுத்தது. 38 அத்தியாயங்களை மூன்று கட்டுகளாகப் பிரித்தது: 2021 டிசம்பரில் 12, 2022 செப்டம்பரில் 12, டிசம்பரில் 14. முதல் கட்டை ஒரே இரவில் பார்த்து முடித்தவர்கள் ஒன்பது மாதம் சும்மா இருந்தார்கள். தொடரைச் சுற்றி எழும் பேச்சு இரண்டு வாரத்தில் அடங்கியது. சிறைக்குள் நடக்கும் இந்தக் கதை முந்தைய பாகங்களுக்குக் குறைந்ததல்ல. அதற்கு உரிய கவனம் கிடைக்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அமேசான் செய்தது இன்னும் மோசம். 2017-ல் அமெரிக்காவில் ‘அனிமே ஸ்ட்ரைக்’ என்று தனிச் சேனல் திறந்தது. பிரைம் சந்தா கட்டியவர்களும் மாதம் 4.99 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டின் அருமையான தொடர்களில் ஒன்றான ‘மேட் இன் அபிஸ்’ இந்த இரட்டைப் பூட்டுக்குள் போனது. ஓராண்டில் அமேசானே சேனலை மூடிவிட்டது.

எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தால் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதுவும் ஓரளவு நடந்தது. சோனியின் அனிமே தளமான ஃபனிமேஷன், போட்டித் தளமான க்ரஞ்சிரோலை 2021-ல் 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. நன்மை இல்லாமல் இல்லை. ‘சோலோ லெவலிங்’ இன்று க்ரஞ்சிரோலில் தமிழ்க் குரலில் கிடைக்கிறது. உரிமை கையில் நிலைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத நிறுவனம் தமிழ் டப்பிங்குக்குச் செலவழிக்காது. ஆனால் 2024 ஏப்ரலில் ஃபனிமேஷன் செயலி மூடப்பட்டபோது, டிஸ்க்கோடு வந்த குறியீட்டைப் பதிந்து டிஜிட்டல் பிரதி வைத்திருந்தவர்கள் அதை இழந்தார்கள். க்ரஞ்சிரோலுக்கு அது மாற்றப்படவில்லை. போட்டியே இல்லாத இடத்தில், போட்டியாளரிடம் போகிறேன் என்று சொல்லிக்கூட அவர்களால் மிரட்ட முடியவில்லை.

தாமதத்தால் யாருக்கும் லாபமில்லை என்பதற்கு க்ரஞ்சிரோலின் சொந்த வரலாறே சாட்சி. 2006-ல் ரசிகர்கள் அனுமதியின்றி வீடியோ ஏற்றும் தளமாகத்தான் அது பிறந்தது. 2009 ஜனவரியில் ‘நருட்டோ ஷிப்புடென்’ ஜப்பானில் ஓடிய ஒரு மணி நேரத்துக்குள் சந்தாதாரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. திருட்டுப் பிரதியில் பார்த்துப் பழகியவர்கள் காசு கொடுத்துப் பார்க்கப் பழகியது இப்படித்தான். ஆறு மாதம் காக்க வைக்கும் ஒப்பந்தம் அவர்களை மறுபடியும் பழைய இடத்துக்கே துரத்துகிறது. அங்கே பார்ப்பதால் ஸ்டூடியோவுக்கு ஒரு யென் கூடப் போய்ச் சேராது.

2024 அக்டோபரில் ‘டண்டடன்’ வந்தது. எடுத்தது ‘டெவில்மேன் க்ரைபேபி’யை எடுத்த அதே சயன்ஸ் சாரு ஸ்டூடியோ. வாரந்தோறும் நெட்ஃபிளிக்ஸ், க்ரஞ்சிரோல் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடியது. எந்தச் சந்தா இருந்தாலும் பார்க்கலாம், அடுத்த நாள் பேசலாம். உலகமே ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தைப் பற்றிப் பேசியது.

2023 கணக்குப்படி அனிமேயின் வெளிநாட்டு வருவாய் ஜப்பானுக்குள் கிடைப்பதை மிஞ்சிவிட்டது. ஆகவே பேரம் பேசும் பலம் தயாரிப்புக் குழுக்களிடம் இருக்கிறது. உரிமை விற்கும்போது ஒரே ஒரு நிபந்தனையை அவர்கள் எழுதிச் சேர்க்கலாம்: ஜப்பானில் ஓடிய ஒரு நாளுக்குள் வாங்கியவர் வெளியிட வேண்டும், தவறினால் மற்ற தளங்களுக்கும் விற்கும் உரிமை குழுவுக்குத் திரும்பிவிடும். முன்பணம் சற்றுக் குறையலாம். இரண்டாவது தளத்துக்கு விற்றால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும்.