ஹோர்ட்டாவும் கடல்கட்டியும்

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் இறந்தவர். அங்கே அவரை இழுத்தது விண்வெளி அல்ல, கடலடி. ஸ்டார் ட்ரெக்கின் முதல் தொடரைப் பற்றி 1995இல் பேசும்போது, தன் நினைவில் தங்கியதாக அவர் சொன்னது ஒரே ஒரு எபிசோடை: 'தி டெவில் இன் தி டார்க்'. விசித்திரமான, ஆபத்தான ஓர் உயிர் கெட்டதாகவும் இருக்க வேண்டியதில்லை என்று அது காட்டியதே அதற்கு அவர் கூறிய காரணம். மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கும் எனக்கு அந்தத் தேர்வு மிகச் சரியாகப் படுகிறது. இந்தக் கடலோரத்துக்கென்றே எழுதியதுபோல் ஓர் அறிவியல் புனைகதை உண்டென்றால் அது இதுதான்.

1967 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான இதை எழுதியவர் ஜீன் எல். கூன். ஒரு சுரங்கக் கோளில் தொழிலாளர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பாறையைக் கரைத்துக்கொண்டு நகரும் ஏதோ ஒன்று அவர்களைக் கொல்கிறது. சுரங்கத் தலைவரின் மேசையில் அழகுக்காக ஒரு சிலிக்கன் உருண்டை இருக்கிறது. விசாரிக்க வந்த விண்கப்பலின் அதிகாரி ஸ்பாக் அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அது முட்டை. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளியதெல்லாம் முட்டைகள். ஹோர்ட்டா என்ற அந்தக் கல்லுயிர் தன் குஞ்சுகளைக் காக்க வந்த தாய். காயம்பட்ட அதன் மனத்தோடு தன் மனத்தை இணைத்து ஸ்பாக் அதன் வலியை உணர்ந்து சொல்கிறார். அது பாறையில் மூன்று சொற்களைப் பொறிக்கிறது. 'கொல்ல மாட்டேன்' என்கிறதா, 'கொல்லாதே' என்கிறதா என்று கதை நமக்குச் சொல்வதில்லை. நான் கொத்தனார் இல்லை என்று முணுமுணுத்தபடியே கப்பல் மருத்துவர் அதன் புண்ணில் கான்கிரீட் பூசுகிறார். ஹோர்ட்டா உடைக்குள் தவழ்ந்தவர் யானோஸ் புரோஹாஸ்கா என்ற சண்டைக் கலைஞர். அந்த உடையைப் பார்த்த பிறகே கூன் கதையை எழுதினார்.

ஸ்பாக் செய்த வேலையை இங்கே செய்தவர் கடல்கட்டி. முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்புக் காலத்தில் அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிய பிறகே குளியாளிகள் நீரில் இறங்குவார்கள். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இதைக் குறித்திருக்கிறார். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர் கூலி. இரவானதும் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். திருட்டுத்தனமாகக் குளிக்க வருபவர்களிடமிருந்து முத்துப் பார்களை, அதாவது சிப்பிப் படுகைகளை, காப்பது அப்போது சுறாவின் பொறுப்பு. சுறாவைக் கொன்றுவிடலாம் என்ற பேச்சே அந்த வழக்கத்தில் இல்லை என்பதுதான் என்னை ஈர்க்கிறது.

பவளப்பாறைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அதுவும் உயிருள்ள கல்தான். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் தலைமுறைகளாக அதை வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. ஆனாலும் வெட்டு நிற்கவில்லை. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பவளத்தைத் தொட்டு அதன் வலியைச் சொல்ல ஸ்பாக் வரவில்லை. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்தது.

நம் அறிவியல் புனைவு இந்தக் கடலுக்குள் இறங்கியதா என்றால், தொலைக்காட்சியில் இல்லை. எண்பதுகளில் தூர்தர்ஷன் ஸ்டார் ட்ரெக்கையே ஒளிபரப்பியது. பிறகு இந்தியில் வந்த 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 'கேப்டன் வ்யோம்' எல்லாம் வானத்தையே பார்த்தன. ஆனந்த விகடனில் தொடராக வந்து தூர்தர்ஷனுக்கும் போன சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நகரத்துக் கதை. ஆனால் அதன் இயந்திர நாய் ஜீனோவைத் தமிழ் வாசகர்கள் கொண்டாடிய விதம், மனிதரல்லாத ஒன்றின் பக்கம் நிற்க அவர்கள் தயார் என்பதைக் காட்டிவிட்டது. கடலுக்குள் போனவர் கிளார்க்தான். 1957இல் வந்த அவருடைய 'தி டீப் ரேஞ்ச்' நாவலில் திமிங்கிலங்களைக் கொல்வதை எதிர்த்து ஒரு பௌத்தத் துறவி வாதாடுகிறார்.

எனக்குப் பிடித்த எபிசோடிலும் ஒரு நெருடல் உண்டு. ஹோர்ட்டாவின் குஞ்சுகள் சுரங்கம் தோண்டித்தர, தொழிலாளர்கள் கனிமத்தை அள்ளிக்கொள்ளலாம் என்ற உடன்பாட்டில்தான் கதை முடிகிறது. லாபம் வந்ததால் உயிர் தப்பியது. இங்கும் அப்படித்தான். 2004 சுனாமியில் பவளத்திட்டுகளும் தீவுகளும் அலையின் வேகத்தைத் தடுத்ததைக் கண்ட பிறகே வெட்டு நின்றது. முத்துச் சிப்பியோ அந்தக் கணக்கிலும் வராது. 1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1973இல் வளர்ப்பு முத்தையும், பிறகு சிப்பிக் குஞ்சுகளையும் உருவாக்கிக் காட்டினார்கள். ஆனாலும் பார்களில் முன்போலச் சிப்பி பெருகவில்லை. லாபமே தராத சிப்பியின் பக்கம் நின்று வாதாடும் ஒரு பாத்திரத்தைத் தமிழில் யாராவது எழுதினால், கூன் நிறுத்திய இடத்தைத் தாண்டி அந்தக் கதை போகும்.