எத்தனை டன் என்ற கேள்வி

விறகு பிளக்கும் ஹைட்ராலிக் மிஷின் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை டன் சார்?" என்பதுதான். விற்பவரும் அதைத்தான் முன்னால் வைக்கிறார். மிஷினின் பக்கவாட்டில் பெரிதாகப் பெயின்ட் அடித்திருப்பதும் அந்த எண்ணைத்தான். எப்போதாவது நாலு கட்டை பிளக்கிறவருக்கு அந்தக் கணக்கு போதும். லாரி லாரியாக மரம் இறங்கும் நீலகிரித் தேயிலை ஃபேக்டரிக்கு அது பாதிக் கணக்குகூட இல்லை.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி மூன்றரை கிலோவும் தண்ணீர். அதை வாட்டலிலும் டிரையரிலும் விரட்டும் சூடு பல ஃபேக்டரிகளில் விறகிலிருந்துதான் வருகிறது. அறுத்த புதிதில் மரத்தின் எடையில் பாதியளவு ஈரம். அந்த நிலையில் அடுப்பில் போட்டால் கிலோவுக்குச் சுமார் 1,900 கிலோகலோரிதான் தேறும். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கியபின் போட்டால் சுமார் 3,400. உருட்டுக் கட்டையாகப் பட்டையோடு கிடக்கிற மரம் மாதக்கணக்கில் காயாது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். பிளந்த கட்டைக்கு ஈரம் வெளியேற நாலு பக்கமும் வழி உண்டு. ஆக, மிஷின் ஃபேக்டரிக்குச் சம்பாதித்துத் தருவது அந்தக் காய்ச்சலைத்தான். ஒரு நாளில் எத்தனை கட்டை பிளந்து கூரைக்குக் கீழே அடுக்கப்பட்டது என்பதே அதை எடைபோடும் அளவுகோல்.

டன் எங்கிருந்து வருகிறது? ஆயிலின் அழுத்தத்தைச் சிலிண்டரின் பரப்பால் பெருக்கினால் வருவதுதான் அது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்கு 175 பார் அழுத்தம் கொடுத்தால் 14 டன். விட்டத்தை 125 ஆக்கினால் அதே அழுத்தத்தில் ஏறக்குறைய 22 டன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய சிலிண்டரை நிரப்ப ஆயிலும் அதிகம் வேண்டும். நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் பம்பு, 60 சென்டிமீட்டர் ஓட்டமுள்ள சிறிய சிலிண்டரை 7 விநாடியில் நீட்டிவிடும். பெரியதற்கு 11 விநாடி. திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்று 12 விநாடிக்கும் 20 விநாடிக்குமாகப் பிரிகிறது. மணிக்கு 300 சுற்றா, 180 சுற்றா? பம்பை மாற்றாமல் டன்னை மட்டும் ஏற்றி வாங்குகிறவர், காசு கொடுத்து வேகத்தை விற்கிறார்.

அதற்காக டன் வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடவும் முடியாது. மலையில் வரும் மரத்தில் பெரும்பகுதி கற்பூர மரமும் சில்வர் ஓக்கும். கற்பூர மரத்துக்கு நார் முறுக்கு உண்டு. அறுத்த ஓரிரு வாரத்துக்குள் பிளந்தால் சொன்னபடி கேட்கும். காயவிட்டுப் பிறகு கொண்டுபோனால் ஆப்பு பாதியில் நின்று, மோட்டார் முனகும். கவட்டை, கணு, அடிமரம் என்றால் பச்சையிலும் அப்படித்தான். நாலு பக்க ஆப்பு பொருத்தினால் ஒரே தள்ளலில் நாலு துண்டு விழும். அதற்கும் பலம் வேண்டும். அங்கே 22 டன் தன் விலையை நியாயப்படுத்திவிடுகிறது. என் குறை, வரும் நூறு கட்டையில் நாலைந்து முரட்டுக் கட்டைக்காக மீதியெல்லாவற்றையும் மெதுவாகப் பிளக்கும் பழக்கத்தின் மீதுதான்.

இந்த இழுபறியைப் பெருமளவு தீர்ப்பது இரண்டு கட்டப் பம்பு. ஆப்பு மரத்தைத் தொடும்வரை இரண்டு கியர் ஜோடியும் சேர்ந்து ஆயிலைத் தள்ளும். எதிர்ப்பு ஏறியதும் பெரிய ஜோடி விலகி, சின்னது மட்டும் முழு அழுத்தத்தில் உழைக்கும். 40 லிட்டரையும் 175 பாரில் தள்ள 12 கிலோவாட் ஆகும். கடைசி அழுத்தத்துக்கு 10 லிட்டர் போதுமென்றால் 3 கிலோவாட்டில் காரியம் முடிகிறது. மோட்டார் சிறியது, கரண்ட் பில்லும் சிறியது. இருந்தும் நம் பக்கத்தில் வாங்குபவர்களில் எத்தனை பேர் பம்பைப் பற்றிக் கேட்கிறார்கள்?

இதைவிடவும் கண்ணில் படாதது, கட்டை மிஷினுக்கு வந்து சேரும் வழி. 40 சென்டிமீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கற்பூரக் கட்டை 75 கிலோ இருக்கும். இடுப்பு உயர மேடையில் அதை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். பிளந்த பாதி மறுபக்கம் உருண்டு விழுந்தால் அதையும் திரும்பத் தூக்க வேண்டும். மிஷின் 12 விநாடியில் முடித்துவிட்டு, ஆட்கள் மூச்சு வாங்கி அடுத்ததை ஏற்றும்வரை சும்மா நிற்கிறது. ஹைட்ராலிக் தூக்குக்கரமும் துண்டுகளைத் தாங்கும் இருபக்கப் பலகையும் ஐந்து டன் கூடுதல் பலத்தைவிட அதிக விறகு கொடுக்கும்.

பாதுகாப்பில் இந்தத் தொழில் மோசம். ஐரோப்பாவின் இ.என் 609-1 தர விதி, இயக்குபவரின் இரண்டு கையும் லீவரில் இருந்தால்தான் ஆப்பு நகர வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது. ஒரு லீவரைக் கயிற்றால் கட்டிவிட்டு, விடுபட்ட கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டால் அந்த ஏற்பாடே வீண். ஹோஸில் ஊசித்துளை கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது இன்னும் கொடுமை: அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

சமவெளிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சவுக்குக் கழியும் மணிக்கட்டுப் பருமன் சீமைக் கருவேலமும் அறுத்துப் போட்டாலே காய்ந்துவிடும். அதற்கு இந்த மிஷினே வேண்டாம்.

மலை ஃபேக்டரிக்கு நான் சிபாரிசு செய்வது 100 முதல் 110 மில்லிமீட்டர் சிலிண்டர், இரண்டு கட்டப் பம்பு, தூக்குக்கரம், கோயம்புத்தூர்க் கடைகளில் சட்டென்று கிடைக்கிற அளவில் சீல். கவட்டையையும் அடிமரத்தையும் தனியே ஒதுக்கி, வாரத்துக்கு ஒரு நாள் செயின்சாவால் நெடுக அறுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாள் கூலியைப் பார்த்து யோசிக்கிறவர்கள், 180 சுற்றுக்கும் 300 சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை மற்ற ஐந்து நாளுக்கும் பெருக்கிப் பார்க்கட்டும்.