பூரி பாய்க்குக் கற்றுக்கொடுத்தவர்கள்

பூரி பாயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். போபாலில் பாரத் பவன் கட்டப்படுகிறது. அங்கே நாளுக்கு 6 ரூபாய் கூலிக்கு வேலை செய்யும் பீல் பழங்குடிச் சித்தாள் ஒருவரிடம் ஓவியர் ஜே. சுவாமிநாதன் தாளையும் வண்ணத்தையும் கொடுக்கிறார். படம் வரைந்தால் நாளுக்கு 10 ரூபாய். உட்கார்ந்து கோடு போடுவதற்கு இவ்வளவு கூலியா என்று பூரி பாய் வியந்ததையும் தவறாமல் சேர்த்துக்கொள்வார்கள். பாரத் பவன் 1982இல் திறக்கப்பட்டது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ. ‘தானே கற்ற ஓவியர்’ என்ற அடைமொழி கூடவே வருகிறது.

எனக்கு அந்த அடைமொழியோடுதான் பிணக்கு.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில், குஜராத் எல்லையோரம் உள்ள பிடோல் அவருடைய ஊர். அங்கே சுவருக்கு மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவதும் அதன்மேல் உருவங்கள் இடுவதும் பெண்கள் பாடு. ரொட்டி சுடும் கல்லின் அடிக்கரி கறுப்பு. இலையைக் கசக்கினால் பச்சை. செம்மண் சிவப்பு. எது சுவரில் பிடிக்கும், எது காய்ந்ததும் உதிரும் என்பதெல்லாம் சிறுவயதிலேயே கைக்கு வந்துவிடுகிற பாடம். சொல்லிக்கொடுத்தவர்கள் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாக இருந்ததால், ஆசிரியரே இல்லை என்று எழுதிவிடுகிறோம். அதே சமூகத்தில் பித்தோரா தெய்வத்துக்காகச் சுவரில் குதிரை எழுதும் ஆணுக்கு ‘லக்கிந்திரா’ என்று பட்டப்பெயர் உண்டு, சடங்கு உண்டு. அந்தக் குதிரையை எழுதும் உரிமை மரபுப்படி பெண்ணுக்கு இல்லை. அவனை யாரும் தானே கற்றவன் என்பதில்லை.

சுவாமிநாதனைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. சிம்லாவில் பிறந்த அந்தத் தமிழர், பழங்குடிக் கலையையும் நவீன ஓவியத்தையும் ஒரே கூரையின்கீழ் சமமாக வைத்தவர். சுவரிலிருந்து தாளுக்கு வந்ததும் சின்ன விஷயமில்லை. மழைக்குக் கரைகிற சுவரில் யாருடைய பெயரும் நிற்காது. ஆனால் தன் கதை எங்கே தொடங்குகிறது என்று பூரி பாயே சொல்லியிருக்கிறார். போபால் பழங்குடி அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 70 அடி நீளச் சுவரில் அவர் தன் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். அது ஊரிலிருந்து, சிறுமிப் பருவத்திலிருந்து தொடங்குகிறது. பாரத் பவனுக்கு வந்துசேர அந்தச் சுவரில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். தன்வரலாறு என்று நாம் பாடம் நடத்தும் நூல்களின் வரிசையில் இந்தச் சுவரையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவிகளிடம் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், காபித் தோட்டத்தில் பழம் பறிப்பதைச் சொல்வார்கள். வீடு மெழுகுவதையும் வாசலில் கோலம் இழுப்பதையும் நானாகக் கேட்டால், “அதெல்லாம் சும்மா செய்யறதுங்க மேடம்” என்று சிரிப்பார்கள். பூரி பாயின் படங்களை அவர்களுக்குக் காட்டினேன். மான், மயில், மரம், விமானம், எல்லாவற்றின் உடம்பிலும் நெருக்கமாகப் புள்ளிகள். மக்காச்சோள மணிகளைப் பார்த்து வந்தவை என்று சொல்லப்படும் புள்ளிகள். அழகைப் பற்றி ஏதாவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு பெண் திரைக்கு அருகே போய், ஒரு மானின் வயிற்றை மட்டும் விரலால் எண்ண ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி, “இது ஒண்ணுக்கே எத்தனை நாள் கூலி மேடம்?” என்றாள்.