நிலை இழந்த கதவுகள்

வீட்டை அலங்கரிப்பதில் மோகம் உள்ளவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டிய கடைத்தெருக்கள் என்று ஒரு பட்டியல் வழவழப்பான தாள் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. பாரிஸின் வடக்கு விளிம்பில் இருக்கும் சேந்த்-உவான் பழம்பொருள் சந்தை, இஸ்தான்புல்லின் பெரிய பஜார், மொராக்கோவின் மராக்கேஷ், நம் பக்கத்தில் ஜோத்பூர், கொச்சியின் மட்டாஞ்சேரி. கொஞ்ச காலமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவும் இதில் சேர்ந்துவிட்டது. பட்டியல் என்பது பார்க்க அப்பாவியான வடிவம். அது எதையும் வாதிடுவதில்லை, வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விடும். ஆனால் அதையும் ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால், எல்லா ஊரைப் பற்றியும் அது ஒன்றையேதான் சொல்கிறது: இங்கே கதையுள்ள பொருள்கள் கிடைக்கும். யாருடைய கதை என்று கேட்டால்தான் சிக்கல். சேந்த்-உவான் சந்தையை உண்டாக்கியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்ட குப்பை பொறுக்கிகள். பட்டியலில் சந்தை இருக்கிறது, குப்பை பொறுக்கி இல்லை.

காரைக்குடிக்கு வருவோம். முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தேக்குத் தூண்கள், செதுக்கிய நிலைகள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் பாத்திரங்கள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா அச்சகத்துப் படங்கள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. சும்மா சொல்லக் கூடாது, கண்ணைப் பறிக்கிற சாமான்கள்தாம். இவை இங்கே வந்து சேர்ந்த வழி ஊருக்குத் தெரிந்ததே. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார் பணம் இந்த வீடுகளாக ஆயிற்று. 1930களின் பொருளாதாரச் சரிவு, 1942இல் பர்மாவுக்குள் ஜப்பான் நுழைந்தது, 1960களில் அங்கே நடந்த தேசியமயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த அடிகளில் பணம் போயிற்று. வீடு நின்றது. நின்ற வீட்டுக்குப் பல பங்காளிகள்; ஓடு மாற்ற ஆள் இல்லை, சேர்ந்து முடிவெடுக்க மனம் இல்லை. முழு வீட்டை விற்பதைவிடத் தூண் தூணாக விற்பது சுலபம். நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972இல் சட்டம் வந்தது, 1976இல் அமலானது. செட்டிநாட்டு வீடுகளில் பல அப்போது அந்த வயதை எட்டவில்லை. சட்டத்தின் கண்ணில் அவை வெறும் பழைய மரம். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெறுவதற்குள் எத்தனையோ வீடுகள் பிரித்து ஏற்றப்பட்டுவிட்டன.

இதைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டே தொனியில் எழுதுகிறார்கள். ஒன்று வாங்குபவரின் பரவசம், மற்றது 'நம் பண்பாடு கொள்ளை போகிறதே' என்ற ஒப்பாரி. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றுகூடுகின்றன: வீட்டை அழகாக மட்டுமே பார்க்கின்றன.

அந்த வீட்டுக்கு ஒரு இலக்கணம் இருந்தது. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலை; அதைத் தாண்டக் கூடியவர் இன்னார், கூடாதவர் இன்னார். கணக்குப்பிள்ளை எதுவரை, சம்பந்தி எதுவரை, வீட்டுப் பெண்கள் எதற்கு முன்னால் வரக் கூடாது, கொல்லை வழியாக மட்டுமே வர வேண்டியவர் யார், அந்தத் தெருவுக்குள்ளேயே கால்வைக்கக் கூடாதவர் யார். நிலை என்ற சொல்லுக்குக் கதவைத் தாங்கும் சட்டம் என்றும் அந்தஸ்து என்றும் இரு பொருள் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. செட்டிநாடு மட்டும் என்ன, எங்கள் சிவகிரி போன்ற ஜமீன் ஊர்களிலும் மரவேலை எளிமையாக இருந்திருக்கலாம், விதி எளிமையாக இருந்ததில்லை.

கடைக்கு வந்த கதவு இந்த விதியை இழந்த கதவு. அதனால் அதற்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா? எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இங்கே வேறொன்று நினைவுக்கு வரும். வேற்றுமைத்தொகையில் உருபு கண்ணுக்குத் தெரியாது. பொருள் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். நட்சத்திர ஓட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் நிறுத்தப்பட்ட செட்டிநாட்டுக் கதவு அப்படிப்பட்ட தொகைநிலையில்தான் இருக்கிறது. அது யாரையும் தடுப்பதில்லை, எப்போதும் திறந்தே கிடக்கிறது. தடுக்கிற வேலையைப் பத்தடி முன்னால் சீருடை போட்ட வாட்ச்மேன் பார்த்துக்கொள்கிறார். வேற்றுமை போகவில்லை, உருபு மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வால்டர் பெஞ்சமின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸைப் பற்றி எழுதும்போது, சேகரிப்பவன் பொருள்களைப் பயன்பட்டாக வேண்டிய தொல்லையிலிருந்து விடுவிக்கிறான் என்கிறார். ழான் போத்ரியார் 1968இல் வந்த தம் நூலில், பழம்பொருள் எதற்கும் பயன்படாமல் காலத்தைக் குறிக்க மட்டுமே இருக்கிறது என்கிற மாதிரி வாதிடுகிறார். சரிதான். ஆனால் எங்க பக்கத்து ஆட்டுரலுக்கு இந்தச் சிந்தனையைப் பொருத்தும்போது ஏதோ இடிக்கிறது. ஆட்டுரலில் மண் நிரப்பிச் செடி வைத்திருக்கும் விடுதிகளைப் பார்க்கிறோம். உரல் விடுதலையாகிவிட்டது. அதில் மாவாட்டித் தோள்பட்டை இற்றுப்போனவளின் விடுதலை கிரைண்டரில் வந்தது. அந்த இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள் என்பதை எந்த அலங்காரப் பத்திரிகையும் சொல்லாது. பித்தளைக் குடமும் அப்படித்தான். பிளாஸ்டிக் குடத்தைப் பழிக்காத பண்பாட்டு ஆர்வலரே இல்லை. தூரத்துக் குழாயடியிலிருந்து இடுப்பில் சுமந்து வந்தவளைக் கேட்டால் தெரியும், காலிக் குடத்தின் கனமே என்ன கனம் என்று. பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவி வந்தவரிடம் அவள் சந்தோஷமாகத்தான் போட்டாள். உலகக் கடைத்தெருக்களின் பட்டியலுக்கு நம்மூரில் முதல் கண்ணி அந்தப் பேரீச்சம்பழக்காரரின் சைக்கிள். எடைக்குப் போன குடங்களில் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. தப்பியவை மட்டும் கண்ணாடிப் பேழைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கின்றன. யாரோ பெருமூச்சோடு இறக்கிவைத்த சுமையைத்தான் இன்னொருவர் 'எளிமையான அழகு' என்று விலை கொடுத்து வாங்குகிறார்.

இந்த வாங்கல் புதிதும் இல்லை. 1912இல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி அடலின் பெப்பர் கிப்சன் மதனகோபால சுவாமி கோவிலைச் சேர்ந்த கருங்கல் தூண்களையும் சிற்பங்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அறுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். அவர் இறந்தபின் 1919இல் குடும்பத்தார் அவற்றை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் அங்கே ஒரு மண்டபமாக நிற்கின்றன. சொந்தக் கோவிலின் தூண்களை விற்றுவிட்டோமே என்று நாம் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக் கோவில்களுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியார் நுழைவதற்கு 1939 மதுரைக் கோவில் நுழைவும் அதன்பின் சட்டமும் வேண்டியிருந்தன என்பதையும் சேர்த்தே வருந்த வேண்டும். 1912இல் மதுரையில் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்திருக்க முடியாதவரின் பேரப்பிள்ளை பிலடெல்பியாவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்க முடியும். இதை எந்தக் கணக்கில் எழுதுவது, லாபத்திலா நட்டத்திலா?

இதுவரை சொன்னது செத்த வீட்டுச் சாமான்களைப் பற்றி. உயிரோடிருக்கும் கைவேலையின் கதை வேறு. திருநெல்வேலிக்கு மேற்கே பத்தமடையில் லெப்பை முஸ்லிம் பெண்கள் நெய்யும் கோரைப்பாய் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கோரையை நீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து, தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்ய வேண்டும். மெல்லிய பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக் கணக்கில் ஆகும். மாப்பிள்ளை பெண் பெயரை அதில் நெய்துதருவதும் உண்டு. செட்டிநாட்டுத் தூணுக்குச் சொன்ன விலையைக் கேட்டு மரியாதையோடு தலையாட்டுகிற அதே ஆள், பத்தமடையில் வந்து பேரம் பேசுகிறார். தூணைச் செய்த ஆசாரி இறந்துவிட்டார், அவருக்குக் கூலி தர வேண்டியதில்லை. எனவே விலை முழுவதும் 'பழமை'க்கு. பாய் நெய்கிறவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இருப்பதுதான் அவளுடைய குறை. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றித் தரையோடு வார்க்கிறவர்களுக்கும் இதே கதிதான்: பழைய வீட்டிலிருந்து பெயர்த்த கல்லுக்கு உள்ள மவுசு நேற்று காயவைத்த கல்லுக்கு இல்லை.

இன்னொன்று. முனீஸ்வரன் கோவில் தெருவில் தேக்கு உண்டு, பித்தளை உண்டு, கல் உண்டு, பீங்கான் உண்டு. நூறு வருஷத்துப் பாய் கிடையாது. ஓலைப்பெட்டி கிடையாது. படுத்தால் பாய் நைந்துபோகும், பெட்டியைக் கறையான் அரிக்கும். பழமை அடைவதற்கே முதலில் வசதி வேண்டும். சிவகிரி வட்டாரத்துச் சம்சாரி வீடுகளில் தானியம் போட்டுவைக்க மண்ணால் குலுக்கை செய்து வைத்திருந்தார்கள், ஆள் உயரத்துக்கு, அடியில் சிறு வாய் வைத்து. கையால் வனைந்து, சாணி பூசி மெழுகி, சுடாமலே நின்றது. வீட்டைப் பிரிக்கும்போது அதைப் பெயர்த்து எடுக்க முடியாது, தட்டினால் மண்ணாகிவிடும். அதற்கு விலை சொல்லவும் ஆள் வந்ததில்லை. இடித்த இடத்தில் குவித்துப் போட்டால் ஐப்பசி மழையில் கரைந்து தெருவோடு போய்விடும்.